மூன்று நாள் காய்ச்சல்... மூன்று வருட வலி!

கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் பத்தடி தூரம்கூட இருக்காது. அந்தப் பத்தடியைக் கடக்க, முந்தின நாள்வரை நெல் மூட்டை தூக்கிய ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கணுக்கால் வீங்கிப் பாதத்தை ஊன்ற முடியவில்லை. 2006-ல் தமிழகத்தின் பல ஊர்களில் வீட்டுக்கு வீடு இந்தக் காட்சிதான். அப்பா திண்ணையில், அம்மா அடுப்படி மூலையில், பாட்டி கயிற்றுக் கட்டிலில் என மொத்தக் குடும்பமும் முடங்கிக் கிடக்கும். கஞ்சி வைத்துக் கொடுக்கலாமென்றால் பக்கத்து வீட்டிலும் அதே நிலைமை.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. வலி விடவில்லை. தீபாவளி போய்ப் பொங்கல் வந்தது. அப்போதும் பலருக்குக் காலையில் விரல் மடங்கவில்லை. கோலப்பொடியை இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்க முடியவில்லை. ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதே பெரும்பாடாக இருந்தது.

பெயர் வாயில் நுழையாததால் ‘சிக்கன் குனியா’ என்றே ஊர் சொன்னது. கோழிக்கறியால் வருகிறதோ என்று பயந்து கறிக்கடைப் பக்கம் போகாதவர்களும் உண்டு. கோழிக்கும் சிக்குன்குனியாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தமிழ்க் காதுக்குக் ‘குனியா’ என்பது குனிய முடியாத நிலையாகக் கேட்கிறது. மூலச்சொல்லோ கிழக்கு ஆப்பிரிக்காவின் மக்கோண்டே மொழியில், வளைந்து கோணிப்போவதைக் குறிப்பது. வலி தாங்காமல் உடம்பைச் சுருட்டிக்கொண்டு கிடந்தவர்களைப் பார்த்து அந்த மக்கள் வைத்த பெயர் அது. காய்ச்சலை விட்டுவிட்டு மூட்டை வைத்தே பெயர் சூட்டியிருக்கிறார்கள். நோயின் சாரத்தை அவர்கள் அப்போதே பிடித்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

குடத்து நீரும் கொசுவும்

1952-ன் பிற்பகுதியில், இன்றைய தான்சானியாவின் தென்கிழக்கில் உள்ள மக்கோண்டே பீடபூமியில் இந்த நோய் கிராமம் கிராமமாகப் பரவியது. மரியன் ராபின்சன், லம்ஸ்டன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் அதை விரிவாகப் பதிவு செய்து 1955-ல் வெளியிட்டார்கள். நோயாளிகளின் ரத்தத்திலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தவர் ராஸ்.

அந்தப் பீடபூமியில் தண்ணீர்ப் பஞ்சம். வெகுதூரம் நடந்து பள்ளத்திலிருந்து சுமந்து வந்த தண்ணீரைக் குடிசைக்குள் பானைகளில் நாள்கணக்கில் வைத்திருந்தார்கள். ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு அதைவிட நல்ல இடம் வேண்டுமா? மனிதர் புழங்கும் வீட்டுக்குள், நிழலில், சுத்தமான தண்ணீரில் வளர்வது அதன் சுபாவம். பகலில்தான் கடிக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தாலும் முட்டை சுவரிலேயே இருக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றினால் ஒரு வாரம், பத்து நாளில் கொசு பறக்கும்.

இதைப் படிக்கும்போது நம் ஊர் சின்டெக்ஸ் டிரம்மும் சிமென்ட் தொட்டியும் நினைவுக்கு வராமல் இருக்காது. நாலு நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் தெருவில் நின்றுகொண்டு ‘தண்ணீரைத் தேக்கி வைக்காதீர்கள்’ என்று சொல்வது அரைகுறை அறிவுரை. தேக்காமல் அவர்கள் என்ன செய்வார்கள்? இறுக்கமான மூடி போடுங்கள், வாரம் ஒருநாள் தொட்டியைக் காலிசெய்து உட்சுவரைத் தேங்காய் நார் வைத்து அழுந்தத் தேயுங்கள் என்று சொல்வதுதான் பயன் தரும். தேய்ப்பதுதான் முக்கியம். கொட்டிக் கவிழ்ப்பது மட்டும் போதாது.

இந்தியாவில் இந்த வைரஸ் 1963-ல் கொல்கத்தாவில் கண்டறியப்பட்டது. மறுவருடமே சென்னை, வேலூர், புதுச்சேரி எனத் தெற்கே வந்தது. 1964-ல் வேலூரில் பரவிய நோயைக் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்த டொனால்ட் கேரியும் குழுவினரும் கூர்ந்து ஆராய்ந்தார்கள். அதே சமயத்தில் டெங்குவும் அங்கே உலவியதை அவர்கள் கவனித்தார்கள். அந்த அனுபவம்தான் கேரியை ஒரு பழைய புதிருக்கு இழுத்துச் சென்றிருக்க வேண்டும். 1971-ல் அவர் எழுதிய கட்டுரை ஒரு கேள்வியை எழுப்பியது: 1779-ல் படேவியாவிலும் 1824-ல் இந்தியாவிலும் பரவியதாகச் சொல்லப்பட்ட ‘டெங்கு’ உண்மையில் டெங்குதானா? பழைய குறிப்புகளில் காய்ச்சல் போன பின்பும் நீடித்த மூட்டுவலி பேசப்படுகிறதே, அது சிக்குன்குனியாவின் கையெழுத்தல்லவா? படேவியா என்பது இன்றைய ஜகார்த்தா. கேரியின் வாதம் சரியென்றால், நம் முன்னோர்களின் மூட்டுகளுக்கும் இந்த நோய் புதிதல்ல.

1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சியில் ஒரு முறை தலைகாட்டிவிட்டு, இந்தியாவில் அது ஓய்ந்தது. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அரிது என்பதால், எதிர்ப்புச் சக்தி உள்ளவர்கள் ஊர் முழுக்க இருக்கும்வரை வைரஸுக்குப் பிழைப்பில்லை. முப்பது வருடத்துக்கும் மேல் சத்தமில்லை. அதற்குள் அந்த நோயையே பார்த்திராத ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

ரப்பர் பாலும் ஒரே ஓர் எழுத்தும்

2004-ல் கென்யாவின் கடற்கரையில் கிளம்பிய அலை, கொமொரோஸ் தீவுகள் வழியாக 2005-ல் ரீயூனியனுக்கு வந்தது. பிரான்ஸின் ஆட்சிக்குட்பட்ட அந்தத் தீவில், கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வம்சாவளியினர் இன்றும் கணிசமாக வாழ்கிறார்கள். எட்டு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகை. ஏறத்தாழ 2,66,000 பேருக்கு நோய் வந்தது. மூன்றில் ஒருவர்!

அங்கே ஏடிஸ் எஜிப்டி அதிகம் கிடையாது. இருந்தது அதன் பங்காளி, ஏடிஸ் அல்போபிக்டஸ் என்கிற புலிக்கொசு. தோட்டங்களிலும் புதர்களிலும் வாழ்வது. வைரஸ் தன் புரத உறையில், 226-ஆம் இடத்தில், ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றிக்கொண்டது. அலனின் இருந்த இடத்தில் வாலின். நீளமான ஒரு வாக்கியத்தில் ஓர் எழுத்து மாறியதுபோல. அந்த ஒரு மாற்றத்தால் புலிக்கொசுவின் உடலில் வைரஸ் முன்னைவிடப் பல மடங்கு எளிதாகப் பெருகியது.

2006-ல் இந்தியாவில் ஏறத்தாழ 13.9 லட்சம் பேருக்கு இந்நோய் வந்திருக்கலாம் என்று அரசுக் கணக்கில் பதிவானது. ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு எல்லாம் அந்த வருடம் படுத்தன. அந்த ஆண்டின் கடைசி மாதங்களில் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என இலங்கையையும் அது பிடித்தது. மறுவருடம் கேரளத்தில், அதே 226-ஆம் இட மாற்றத்தோடு வைரஸ் காணப்பட்டது.

மத்திய கேரளத்தின் ரப்பர்க் காடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் பால் வடிய ஒரு சிரட்டையோ பிளாஸ்டிக் கிண்ணமோ கட்டியிருக்கும். மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோனால், கவிழ்க்கப்படாத கிண்ணங்களில் மழைநீர் நிற்கும். ஒரு ஏக்கரில் நூற்றுக்கும் மேற்பட்ட மரங்கள். ஒவ்வொன்றும் புலிக்கொசுவுக்கு ஒரு தொட்டில். பால்வெட்டும் தொழிலாளி விடியலுக்கு முன்பே தோட்டத்துக்குள் இறங்குகிறவர். பட்டையைச் சீவும் வேலை முழுக்க மணிக்கட்டில் இருக்கிறது: கத்தி ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. அந்த மணிக்கட்டைத்தான் நோய் பிடித்தது. கத்தியைப் பிடிக்க முடியாத கைக்குக் கூலியும் இல்லை.

அதே 2007-ன் கோடையில், கேரளத்திலிருந்து உறவினர் வீட்டுக்குப் போன ஒருவர் மூலம் வைரஸ் இத்தாலியின் காஸ்டிலியோனே தி செர்வியா என்ற சிற்றூரை எட்டியது. பழைய டயர் வணிகத்தோடு பல வருடங்களுக்கு முன்பே ஐரோப்பாவில் குடியேறியிருந்த புலிக்கொசுக்கள் அங்கே காத்திருந்தன. இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் வந்தது. வெப்ப நாட்டு நோய் என்று ஐரோப்பா ஒதுங்கியிருந்த காலம் அத்தோடு முடிந்தது. 2013-ன் இறுதியில் கரீபியத் தீவுகளில் நுழைந்து, ஒரே வருடத்தில் அமெரிக்கக் கண்டத்தில் பத்து லட்சம் பேருக்கும் மேல் தொற்றியது. 2025-ல் ரீயூனியனை மறுபடி பெரிய அளவில் தாக்கியது. சீனாவின் ஃபோஷான் நகரில் ஆயிரக்கணக்கானோரைப் படுக்க வைத்தது.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

விரல் மூட்டு ஒரு சின்ன அதிசயம். இரண்டு எலும்பு முனைகளில் வழுவழுப்பான குருத்தெலும்பு, அவற்றைச் சுற்றி மெல்லிய சவ்வு, உள்ளே முட்டை வெள்ளைக்கரு போன்ற சில துளி திரவம். கொசு கடித்த இடத்திலிருந்து ரத்தத்தில் ஏறும் வைரஸ், இந்தச் சவ்வையும் தசைநாரையும் தேடிப் போகிறது. செல்லுக்குள் நுழைய அது பிடித்துக்கொள்ளும் கைப்பிடிகளில் ஒன்றை 2018-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எம்எக்ஸ்ஆர்ஏ8 என்ற அந்தப் புரதம் மூட்டைச் சார்ந்த செல்களின் மேற்பரப்பில் இருக்கிறது.

வைரஸ் வந்ததும் உடலின் காவல் படை அங்கே குவிகிறது. மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கு செல்கள் அழற்சியைத் தூண்டும் ரசாயனங்களைக் கொட்டுகின்றன. சவ்வு தடிக்கிறது, திரவம் கூடுகிறது, மூட்டு உப்புகிறது. பத்து நாளில் ரத்தத்தில் வைரஸ் இல்லை. ஆனால் படை கலைவதில்லை.

ஏன் கலைவதில்லை? 2010-ல் ரீயூனியன் ஆய்வாளர்கள், நோய் வந்து 18 மாதம் ஆன ஒரு நோயாளியின் மூட்டுச் சவ்வில் வைரஸின் மரபுப்பொருளையும் புரதத்தையும் கண்டார்கள். எச்சம் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. ஆனால் கொலம்பியாவில் ஏறக்குறைய இரண்டு வருட வலியோடிருந்தவர்களின் மூட்டுத் திரவத்தை எடுத்துப் பார்த்து 2018-ல் வெளியான ஆய்வில் வைரஸின் தடயமே இல்லை. எதிரி போன பின்பும் உடல் தன்னையே அடித்துக்கொள்கிறதா, எதிரியின் துணுக்கு எங்கோ ஒளிந்திருக்கிறதா என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நோயாளிக்கு இரண்டும் ஒரே வலிதான்.

மூன்று மாதம் தாண்டியும் நீடித்தால் அதை நாள்பட்ட நிலை என்கிறார்கள். யாருக்கு நீடிக்கும்? நாற்பது, நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், முதல் வாரத்திலேயே கடுமையாகப் படுத்தவர்கள். ரீயூனியனில் இரண்டு வருடம் கழித்து விசாரித்தபோது, நோய் வந்தவர்களில் 100-க்கு 43 பேர் மூட்டு, தசை வலி இருப்பதாகச் சொன்னார்கள். நோய் வராதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 17 பேர். வயசானால் வலி வரத்தானே செய்யும் என்று தட்டிக்கழிப்பவர்களுக்கு அந்த இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் பதில்.

இந்தியாவுக்கும் ஒரு கணக்கு உண்டு. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் 2006-ஆம் வருட இழப்பை மதிப்பிட்டார்கள். நலமாக வாழ்ந்திருக்க வேண்டிய 25,588 மனித ஆண்டுகளை நாடு இழந்தது. அதில் 69 சதவீதம் காய்ச்சலால் அல்ல, அதற்குப் பின் நீடித்த மூட்டுவலியால். ஆனால் காய்ச்சல் பரவும்போது நாளிதழ்களில் வரும் எண் எது? எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்பது மட்டும்தான். காய்ச்சல் முகாமின் பந்தலைப் பிரித்ததும் எண்ணுவதும் நின்றுவிடுகிறது. நோயின் பெரும்பகுதி அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

சிக்குன்குனியாவின் பங்காளிகள் சிலர் உலகெங்கும் இதே வேலையைச் செய்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ராஸ் ரிவர் வைரஸ். கங்காருக்களில் தங்கி, சதுப்புநிலக் கொசுக்கள் வழியே மனிதருக்கு வருவது. 1979-ல் அது ஃபிஜித் தீவுகளையும் உலுக்கியது. ஓ’நியோங்-நியோங் 1959-ல் உகாண்டாவில் தொடங்கிக் கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் இருபது லட்சம் பேரைத் தாக்கியது. மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுதான் அதன் வாகனம். பின்லாந்தின் குளிர்காட்டில்கூடச் சிண்ட்பிஸ் வைரஸ் தரும் மூட்டுநோய்க்குப் ‘போகோஸ்டா’ என்று உள்ளூர்ப் பெயர் உண்டு.

ஊசி போட்டால் சரியாகுமா?

காய்ச்சல் நாட்களில் பாராசிட்டமாலும் நிறைய நீராகாரமும் ஓய்வும்தான் மருந்து. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடக்கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவை அவை அதிகமாக்கும். இரண்டு நோயையும் ஒரே கொசு பரப்புகிறது, இரண்டும் ஒரே தெருவில் ஒரே மாதத்தில் வரலாம் என்பதை 1964-லேயே வேலூர் காட்டிவிட்டது.

ஆபத்து அதற்குப் பின்னால் வருகிறது. வாரக்கணக்கில் வலித்தால் மனிதர் என்ன செய்வார்? மெடிக்கல் கடையில் சொல்லி மாத்திரை வாங்குவார். ‘ஒரே ஊசியில் நடக்க வைக்கிறார்’ என்று பெயரெடுத்தவரைத் தேடிப் போவார். அந்த ஊசியிலும், பெயரில்லாத பொட்டலத்திலும் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. அன்று மாலையே எழுந்து நடக்கலாம், உண்மைதான். மாதக்கணக்கில் தொடர்ந்தால் முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு மெலியும். திடீரென நிறுத்தினால் வலி இரட்டிப்பாகத் திரும்பும். ஸ்டீராய்டே விஷம் என்று சொல்லவில்லை. சில நோயாளிகளுக்குக் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். அளவும் நாளும் தெரியாமல் போட்டுக்கொள்வதுதான் கொடுமை.

மலேரியாவுக்கான குளோரோகுயின் இதற்கும் கேட்கும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ரீயூனியனிலும் புனேயிலும் முறையாகச் சோதித்தபோது குறிப்பிடத்தக்க பலன் இல்லை. கோழிக்கோட்டைச் சேர்ந்த மூட்டுவியல் மருத்துவர் வினோத் ரவீந்திரனும் சக ஆய்வாளரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு நம்பிக்கை தருவது. நாள்பட்ட சிக்குன்குனியா மூட்டழற்சி உள்ள 72 பேரை 24 வாரம் கவனித்தார்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மட்டும் சாப்பிட்டவர்களைவிட, அதோடு மெதோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு வலியும் முடக்கமும் நன்றாகக் குறைந்தன. சிறிய ஆய்வுதான். ஆனாலும் ‘இதற்கு மருந்தே இல்லை, பொறுத்துக்கொள்’ என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களுக்கு அது பெரிய செய்தி. ஒரு எச்சரிக்கை: மூட்டுநோய்க்கு மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒருமுறை மட்டுமே. தினசரி மாத்திரை என்று தவறாக எண்ணி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவர் கண்காணிப்பில்தான் அதைச் சாப்பிட வேண்டும்.

சரியான நோயைக் கண்டுபிடிப்பதும் எளிதல்ல. இரு கை விரல்களும் சமமாக வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் மடங்காமல் இருந்தால், பார்ப்பதற்கு அச்சு அசல் முடக்குவாதம்தான். முடக்குவாத நோயாளிகளில் பலருக்கு ரத்தத்தில் தென்படும் ஆன்ட்டி சிசிபி எனும் எதிர்ப்பொருள் சிக்குன்குனியாவில் பொதுவாக இருப்பதில்லை. காய்ச்சல் வந்து ஒரு வாரத்துக்குப் பின் ஐஜிஎம் பரிசோதனை உதவும். சில மாதங்கள்வரைகூட அது காட்டிக்கொடுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஓர் அடையாளமும் உண்டு. நம் ஊர் நோயாளிகள் பலருக்குக் காய்ச்சலுக்குப் பின் மூக்கின் மேல் மை தடவியதுபோலக் கருமை படியும். மாதங்களில் அது தானே மறையும். அனுபவமுள்ள மருத்துவர் அந்த மூக்கைப் பார்த்தே ‘எப்போது காய்ச்சல் வந்தது?’ என்று கேட்பார்.

தடுப்பூசி வந்துவிட்டதா என்று பலரும் கேட்கிறார்கள். 2023 நவம்பரில் அமெரிக்கா முதல் தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்தது. முதியவர்களுக்குத் தீவிரப் பக்கவிளைவுகள் தெரியவந்ததையடுத்து 2025-ல் அந்த உரிமம் அங்கே நிறுத்திவைக்கப்பட்டது. வேறு தொழில்நுட்பத்தில் தயாரான இரண்டாவது தடுப்பூசி 2025 பிப்ரவரியில் அனுமதி பெற்றது. இந்தியாவில் தெருமுனை சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ளும் நிலை இன்னும் வரவில்லை. அதுவரை மூடியும் தேங்காய் நாரும்தான் நம் தடுப்பூசி.

மூட்டை அசைக்காமல் வைத்திருந்தால் சரியாகும் என்று படுத்தே இருப்பவர்கள் பலர். வீக்கம் தணியத் தொடங்கியதும் வெந்நீரில் கையை அமிழ்த்தி, விரல்களை மெல்ல மடக்கி நீட்டும் பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும். இல்லையென்றால் மூட்டு இறுகிவிடும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஓரிரு முறை சொல்லிக்கொடுத்தால் பிறகு வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சலுக்கு வந்தவரின் சீட்டிலேயே, மூன்று மாதம் கழித்து ஒரு தேதியை எழுதிக் கொடுங்கள். அன்று அவர் வந்து கையை நீட்டி மடக்கிக் காட்டட்டும். செலவில்லாத வேலை இது. எத்தனை மூட்டுகள் இன்னும் திரும்பவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

வாசகர்களுக்கும் ஒன்று. வீட்டில் யாருக்காவது மூட்டுவலியோடு காய்ச்சல் வந்தால், அன்றைய தினசரி காலண்டர் தாளைக் குப்பையில் போடாமல் மருத்துவச் சீட்டோடு பத்திரப்படுத்துங்கள். மூன்று மாதம் கழித்தும் காலையில் விரல் மடங்கவில்லையென்றால், அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு மூட்டுவியல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.